நேத்தே எடுத்தாச்சு

கிழக்குத் தாம்பரத்தில் கல்யாணம் வைத்திருக்கிற வீட்டில் போய், "பொண்ணு மேக்கப்புக்கு யாரைச் சொல்லியிருக்கீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். பத்துக்கு ஏழு வீட்டில் "கீதாக்காவைத்தான்" என்று பதில் வரும். இது இரண்டாயிரத்து ஆறாம் வருஷத்து நிலவரம். அப்போது கீதாவுக்கு நாற்பத்திரண்டு வயது. தி.நகரில் கோர்ஸ் முடித்துவிட்டு, பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் எவரோ கழித்துப்போட்ட சுழல் நாற்காலி ஒன்றை வாங்கி, அதற்குப் புது ரெக்சின் போட்டு, மெடிக்கல் ஷாப்புக்கு மேலே ஒரு மாடி அறையில் தனியாளாகப் பியூட்டி பார்லர் ஆரம்பித்தவள் அவள். புருவம் திருத்துவதில் அவளை அடித்துக்கொள்ள அந்த வட்டாரத்தில் ஆள் கிடையாது. நூலைப் பல்லில் கடித்துக்கொண்டு நாலு இழுப்பு இழுத்தால், உட்கார்ந்திருப்பவள் "ஸ்ஸ்" என்பதற்குள் வேலை முடிந்துவிடும். கல்யாணப் பெண் எழுந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டுப் பேச்சு வராமல் ஒரு கணம் நிற்பாளே, அந்தக் கணத்துக்காகவே கடை நடத்துகிறேன் என்பாள் கீதா. பெருமைதான். உழைத்து வந்த பெருமை, பட்டுக்கொண்டு போகட்டுமே!

இவளைப் பெற்ற தகப்பனிடம் போய், "உங்க பொண்ணு இன்னா பண்ணுது?" என்று கேட்டால் என்ன சொல்வார் தெரியுமா?

"கம்பெனில கீறா."

"எந்தக் கம்பெனி?"

"பெரிய கம்பெனி."

அதோடு பேச்சு முடிந்தது. தட்சிணாமூர்த்திக்கு எழுபத்தாறு வயது. மாடம்பாக்கத்தில் நெல் விளைந்த நிலம் முழுக்க பிளாட் ஆகி, பிளாட் முழுக்க வீடு ஆகி, ஏர் பிடித்த கதையெல்லாம் எப்போதோ முடிந்துவிட்டது. ஆனாலும் அந்த நிலத்துக்காரர் மிதப்பு மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. அடுத்தவர் தலையிலும் முகத்திலும் கைவைக்கிற வேலை நம் குடும்பத்துக்கு ஆகாது என்பது அவர் கட்சி. இதற்கு ஜாதித் திமிர் என்றுதான் பெயர். வேறு நல்ல பெயர் எதுவும் கிடையாது. கடை திறந்த அன்று குத்துவிளக்கு ஏற்ற அம்மா தையல்நாயகி வந்தாள். அப்பா வரவில்லை. அம்மா காலமாகி மூன்று வருஷம் ஆயிற்று, அதற்குப் பிறகும் வரவில்லை. சேலையூர் வீட்டில் கீழே அவர், மாடியில் கீதாவும் அவள் புருஷன் தினகரனும். ஒரே கூரைக்குக் கீழே இருந்துகொண்டு, "இன்னிக்கு வேலை எப்படி?" என்று மகளை அவர் ஒரு தடவை கேட்டதில்லை. கீதா வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள். ஆனால் அது அவளுக்குள் முள்ளாகக் குத்திக்கொண்டேதான் இருந்தது.

தட்சிணாமூர்த்திக்கு வலது கை நடுங்க ஆரம்பித்தது அதற்கு முந்தின வருஷத்தில்தான். கொஞ்ச நாளில் தலையும் லேசாக ஆடியது. மாத்திரை வாங்கிக் கொடுத்தாள். சாப்பிட்டார். ஆனால் நடுக்கம் இருக்கிறது என்று ஒப்புக்கொள்ளத்தான் மாட்டேன் என்றார். ஷேவ் செய்துகொள்கிறேன் என்று தாடையைக் கிழித்துக்கொண்டு, "கொசு கடிச்சிடுச்சு" என்றார். முப்பது வருஷமாக அவருக்கு முடி வெட்டியவர் கேம்ப் ரோடு சலூன் தனசிங். "ஐயா, தலை ஆடுது, கொஞ்சம் அசையாம இருங்க" என்று அவர் நல்லபடியாகத்தான் சொன்னார். "யாருக்குய்யா தலை ஆடுது?" என்று பாதி ஷேவிங்கில், முகத்தில் நுரையோடு எழுந்து வந்துவிட்டார் தட்சிணாமூர்த்தி. அத்தோடு சலூனுக்கு ஒரு கும்பிடு.

முடி கழுத்தைத் தாண்டியது. தாடி நெஞ்சைத் தொட்டது. தெருப் பிள்ளைகள் சாமியார் தாத்தா என்றார்கள். கீதா கெஞ்சினாள், மிரட்டினாள். அவர் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு காரணம் வைத்திருந்தார். செவ்வாய் ஆகாது. வெள்ளி ஆகவே ஆகாது. சனிக்கிழமை முடி வெட்டினால் சனி பிடிக்கும். திங்கட்கிழமை அவர் பிறந்த கிழமை. வியாழன் குருவுக்கு உகந்த நாள். ஞாயிற்றுக்கிழமை சலூனில் கூட்டம். மிச்சம் இருந்த ஒரே புதன்கிழமையிலும் அமாவாசையோ கிருத்திகையோ வந்து குறுக்கே நிற்கும்.

"நானே வெட்டிவிடறேம்ப்பா. ரெண்டு நிமிஷம்."

"உன் தொழிலுக்கு என் தலைதான் கெடைச்சுதா?"

அந்த ‘தொழில்’ என்ற வார்த்தையை அவர் சொல்கிற விதம் இருக்கிறதே! கீதா மாடிக்குப் போய்விடுவாள்.

இப்படியே போயிருக்கும். சிங்கப்பெருமாள் கோவிலில் அந்த ஒரு சம்பவம் மட்டும் நடக்காமல் இருந்திருந்தால்.

ஒரு சனிக்கிழமை அப்பாவை மின்சார ரயிலில் அழைத்துக்கொண்டு நரசிம்மரைப் பார்க்கப் போயிருந்தாள். மலையைச் சுற்றி வர முட்டி ஒத்துழைக்காது என்று அவர் வெளியே நிழலில் உட்கார்ந்துகொண்டார். கீதா சுற்றி முடித்து வந்து பார்த்தால், அவர் பக்கத்தில் வரிசையாகப் பிச்சைக்காரர்கள். யாரோ ஒரு புண்ணியவதி வரிசையாகப் பொட்டலம் கொடுத்துக்கொண்டு போயிருக்கிறாள். அப்பா மடியிலும் ஒன்று. பிரித்து வைத்துக்கொண்டு ரசித்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புளியோதரை நல்லா கீது. நீ வாங்கலையா?" என்றார்.

கீதா அவர் கையைப் பிடித்து எழுப்பி ஸ்டேஷனுக்கு நடந்தாள். வீட்டுக்குள் வந்து செருப்பைக் கழற்றியதும்தான் பொங்கினாள்.

"ஊர்ல இருக்கிற பொண்ணுங்களுக்கெல்லாம் அலங்காரம் பண்ணி அனுப்பறேன். அவங்க அப்பா அம்மாவெல்லாம் கையெடுத்துக் கும்பிடறாங்கப்பா என்னை. எங்கப்பன் மட்டும் பிச்சைக்காரங்களோட உக்காந்து பொட்டலம் வாங்கித் தின்னணுமா? என் வேலை உங்களுக்குக் கேவலமா இருக்கட்டும். நம்ம சொந்தத்துல நான் யாருக்கும் சொல்லல, நீங்களும் சொல்ல வேணாம். ஆனா உங்களை இந்தக் கோலத்துல பாக்க என்னால முடியாது. அவ்ளோதான்."

அழக்கூடாது என்று நினைத்தாள், அழுதாள். தட்சிணாமூர்த்தி புளியோதரை எண்ணெய் ஒட்டியிருந்த தாடியைத் தடவிப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தார்.

புதன்கிழமை காலை அவள் கீழே வந்தபோது, பின்கட்டில் கிணற்றடியில் நாற்காலி போட்டு, தோளில் துண்டோடு தயாராக இருந்தார்.

"கேட்டைப் பூட்டு. கதவைத் தாப்பா போடு. எவனும் பாக்கக் கூடாது."

பூட்டினாள். முதலில் முடி. அது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஒட்ட வெட்டியதும், அந்தக் காலத்துப் போட்டோவில் இருக்கிற அப்பாவின் மண்டை வடிவம் அப்படியே வெளியே வந்தது. பிறகு தாடியைக் கத்தரித்து, நுரை போட்டு, புது ரேசரை எடுத்தாள். அங்கேதான் அவளுக்கே கொஞ்சம் தயக்கம். எத்தனையோ முகங்களைத் தொட்ட கைதான். ஆனால் ஆம்பிளை முகத்தில் ரேசர் வைத்துப் பழக்கமில்லை. அதிலும் ஆடுகிற தலை. இரண்டு தடவை ரேசரை எடுத்துவிட்டாள். பிறகு நாற்காலிக்குப் பின்னால் போய் நின்று, அப்பாவின் தலையைத் தன் வயிற்றோடு சாய்த்து, இடது கையால் தாடையைத் தாங்கிக்கொண்டாள். தலை ஆடும்போது அதோடு சேர்ந்து தானும் ஆடினாள். ரேசரும் சேர்ந்து ஆடியது. ஒரு கீறல் விழவில்லை. தட்சிணாமூர்த்தி கண்ணை மூடிக்கொண்டார். தூங்குகிறாரோ என்றுகூட நினைத்தாள்.

எல்லாம் நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்தது, மீசை வரைக்கும்.

மீசையின் வலது முனையைச் சரிபண்ணும்போது அவருக்குத் தும்மல் வந்தது. கத்தரி ஒரு கவ்வு கவ்விவிட்டது. சரி, இடது பக்கத்தையும் அதே அளவுக்குக் குறைக்கலாம் என்று குறைத்தாள். அது கொஞ்சம் அதிகமாகிவிட்டது. மறுபடி வலது. மறுபடி இடது. கடைசியில் மூக்குக்குக் கீழே ஈ உட்கார்ந்த மாதிரி ஒரு புள்ளிதான் மிஞ்சியது. அதை வைத்திருப்பதைவிட எடுப்பது மேல் என்று சுத்தமாக எடுத்துவிட்டாள். புருவத்தில் முடியளவு பிசகாத கீதாக்காவுக்கு வந்த சோதனையைப் பாருங்கள்!

கண்ணாடியை வாங்கிப் பார்த்தவர், அலறினார்.

"இன்னாடி பண்ணி வெச்சிருக்கே? யாரு செத்துட்டாங்கன்னு மீசையை எடுத்தே?"

அது சும்மா பேச்சில்லை. அவர்கள் வழக்கத்தில் சாவு விழுந்தால், கொள்ளி வைக்கிறவன் மீசையை எடுப்பான். மற்றபடி உயிர் போனாலும் எடுக்க மாட்டான். தட்சிணாமூர்த்தி கடைசியாக மீசை எடுத்தது தையல்நாயகி இறந்தபோது. அதுவுமில்லாமல், மண்ணிவாக்கத்தில் அவருடைய அண்ணன் ஸ்ரீரங்கன் எண்பத்திரண்டு வயதில் அடிக்கடி படுக்கையில் விழுந்து எழுந்துகொண்டிருந்தார். மூத்தவனுக்குப் பெருமாள் பெயர், இளையவனுக்குச் சிவன் பெயர் என்று இரண்டு சாமிக்கும் மனஸ்தாபம் வராமல் பெயர் வைத்த குடும்பம். ஸ்ரீரங்கனுக்குப் பிள்ளை குட்டி கிடையாது. அவருக்கு ஏதாவது ஆனால் மீசையை எடுக்க வேண்டியவர் தம்பிதான். ஊருக்கே இது தெரியும்.

மறுநாள் வியாழக்கிழமை காலை. கேட் பக்கம் அப்பா வாயைத் துண்டால் மூடிக்கொண்டு பால்காரனுக்காக நின்றுகொண்டிருந்தார். மாடியில் கீதா துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். அந்த வழியாக பைக்கில் வந்தான் சிட்டிபாபு. பங்காளி முறை, வீட்டுமனை புரோக்கர். சொந்தத்தில் யாராவது செத்தால் முதல் போன் அவனிடமிருந்துதான் வரும். அதில் அவனுக்கு ஒரு கௌரவம். அவன் வணக்கம் சொல்லவும், பதிலுக்குக் கும்பிடப் போன சித்தப்பாவின் துண்டு நழுவியது. ஒட்ட வெட்டிய தலையையும் மீசையில்லாத முகத்தையும் பார்த்துவிட்டு, பைக்கை நிறுத்தி இறங்கினான் சிட்டிபாபு.

"எப்போ சித்தப்பா?" என்றான், குரலை இறக்கி.

"நேத்து காலைல."

"எடுத்தாச்சா?"

"நேத்தே எடுத்தாச்சு. பாத்தாத் தெரியல?"

"எங்களுக்கு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே, சித்தப்பா."

"இதுக்கெல்லாமா ஊரைக் கூட்டுவாங்க? வெளி ஆளு யாரும் வேணாம்னு வூட்டோட முடிச்சிக்கினோம்."

"ரொம்பக் கஷ்டமா இருந்திச்சா?"

"கடைசில கொஞ்சம் கஷ்டமாப் போச்சு. இன்னா பண்றது. போனது போச்சு."

சிட்டிபாபு கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் கையைப் பிடித்து அழுத்திவிட்டுப் போனான். மாடியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்த கீதாவுக்கு ஒன்றும் தப்பாகத் தோன்றவில்லை. ஒரு மீசைக்கு இவன் ஏன் இவ்வளவு உருகுகிறான் என்றுதான் நினைத்தாள். அவள் மனசு வேறொன்றில் மாட்டிக்கொண்டிருந்தது. ‘வூட்டோட முடிச்சிக்கினோம்.’ யார் முடித்தது என்று சொல்லவில்லையே! இவ்வளவு பண்ணியும் தன் பெயர் அவர் வாயில் வரவில்லையே!

மத்தியானம் அவள் சாப்பிட வந்த நேரத்தில் கீழ் வீட்டு போன் அடித்தது. எடுத்தாள்.

"கீதாவா? பெரியப்பா பேசறேன். உங்கப்பன் கீறானா?"

"இருக்காரு பெரியப்பா. ஏன்?"

"இங்க நம்ம வூட்டு வாசல்ல கும்பலா நிக்கறாங்க. நான் செத்துட்டேன்றாங்க. இல்லடாப்பான்றேன், நம்ப மாட்றாங்க. சொல்லாம கொள்ளாம என்னை எடுத்துட்டாங்கன்னு என்கிட்டயே சண்டைக்கு வர்றாங்க. நேத்து காலைலயே எடுத்தாச்சுன்னு உங்கப்பன் சொன்னானாமே? ஒடனே அவனை இட்டுக்கினு வா."

கீதா தலையில் கைவைத்துக்கொண்டாள். சாவு வீட்டில் ‘எடுத்தாச்சா’ என்றால் பிணத்தை எடுத்தாயிற்றா என்று அர்த்தம். சிட்டிபாபு கேட்டது பிணத்தை. அப்பா சொன்னது மீசையை.

முடிச்சூர் ரோட்டில் ஆட்டோ குலுங்கிக்கொண்டு போனது. அப்பா துண்டை வாயை விட்டு எடுக்கவேயில்லை. அவருக்கு எது பயம் என்று கீதாவுக்குத் தெரியும். அண்ணன் திட்டுவார் என்பதல்ல. மீசையை யார் எடுத்தது என்று அத்தனை சொந்தத்துக்கும் நடுவில் பதில் சொல்ல வேண்டுமே, அதுதான். ‘எம்பொண்ணு’ என்றால், கம்பெனிப் பொண்ணுக்குக் கத்தரி பிடிக்க எப்படித் தெரியும் என்று அடுத்த கேள்வி வரும். போகிற வழியில் கீதா ஒரு முடிவுக்கு வந்தாள். தானே முந்திக்கொண்டு பொய் சொல்லிவிட வேண்டியதுதான். சலூன்காரன் மேல் பழியைப் போட்டால் தீர்ந்தது. தன் பெயர் வெளியே வராவிட்டால் போகிறது. இந்த வயதில் இவரை நாலு பேர் முன்னால் தலைகுனிய வைத்து என்ன காணப்போகிறோம்?

மண்ணிவாக்கத்தில் பாதி சொந்தம் கூடியிருந்தது. ஸ்ரீரங்கன் வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலியில் ராஜா மாதிரி உட்கார்ந்திருந்தார். கீதாவின் அத்தை முறை கங்கையம்மாள் தெருமுனையிலிருந்தே ஒப்பாரி வைத்துக்கொண்டு வந்து, அண்ணனை உயிரோடு பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டு மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தாள். சிட்டிபாபு முகத்தில் ஈயாடவில்லை. இவர்கள் இறங்கியதுமே பாய்ந்தான்.

"வாங்க சித்தப்பா! நீங்களே சொல்லுங்க. நேத்தே எடுத்தாச்சுன்னு சொன்னீங்களா இல்லையா?"

"சொன்னேன்."

"யாரை எடுத்தீங்க?"

"மீசையைடா."

கூட்டத்தில் ஒரு சிரிப்பு கிளம்பியது. சிட்டிபாபு விடவில்லை. "உங்க அண்ணன் கல்லு மாதிரி கீறப்போ மீசையை எடுப்பாங்களா யாராவது? எவன் எடுத்தான்?"

"அது வந்துண்ணா," என்று கீதா முந்தினாள், "சலூன்ல கைதவறி…"

"சலூன்ல இல்ல" என்றார் தட்சிணாமூர்த்தி.

துண்டை எடுத்து மடித்துத் தோளில் போட்டுக்கொண்டார். எல்லோரும் அவர் முகத்தையே பார்த்தார்கள். பளிச்சென்று, வெட்டு இல்லாமல், கீறல் இல்லாமல் இருந்தது அந்த முகம்.

"எம்பொண்ணு எடுத்தா. இதோ நிக்கறாளே, இவதான். எனக்குக் கை நடுங்குது, தலை ஆடுது. ஆமாம், ஆடுது! அதுக்கு இப்போ இன்னான்றே? ஆடற தலையில கத்தி வெச்சா. ஒரு பொட்டு ரத்தம் வரல. எவனாவது பண்ணுவானா? இவ கம்பெனிலயும் இல்ல, ஒண்ணுலயும் இல்ல. பியூட்டி பார்லர் வெச்சிருக்கா. சொந்தக் கடை. நான்தான் உங்ககிட்டயெல்லாம் பொய் சொல்லிக்கினு இருந்தேன்."

யாரோ பின்னாலிருந்து, "நம்ம வூட்டுப் பொண்ணு இந்த வேலைக்கா போவுது?" என்று இழுத்தார்கள்.

"ஆமா, போவுது. பேஷா போவுது" என்றார் தட்சிணாமூர்த்தி. "உனக்கு வேணும்னா நீயும் போய் உக்காரு, உன் மூஞ்சியும் கொஞ்சம் தேறும்."

ஸ்ரீரங்கன் நாற்காலியில் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். "கீதா, எனக்கும் ஒரு தபா செஞ்சு வுடும்மா. மீசையில மட்டும் கைவெக்காத. அப்புறம் இந்தச் சிட்டிபாபு ஊரெல்லாம் போன் போட்டுத் தட்சிணாவைக் கொன்னுடுவான்."

சிட்டிபாபு போனைப் பைக்குள் போட்டுக்கொண்டான். கங்கையம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிட்டே வந்து கீதாவின் கையைப் பிடித்தாள்.

"ஏம்மா, எம்பேத்திக்குத் தையில கல்யாணம். நீ பண்ணுவியா? உன் கடை எங்க கீது?"

கீதா வாயைத் திறப்பதற்குள் அப்பா ஆரம்பித்துவிட்டார்.

"தாம்பரம் ஸ்டேஷன்ல கிழக்கால எறங்கு. வேளச்சேரி ரோட்டையே புடிச்சிக்கினு போனா மெடிக்கல் ஷாப்பு. பக்கத்துலயே மாடிப்படி. பாத்து ஏறு, மூணாவது படி ஒடைஞ்சு கீது, எல்லாரும் அங்கதான் தடுக்கறாங்க. சாயங்காலம் போவாத. காலேஜ் பொண்ணுங்க கூட்டம் படி வரைக்கும் நிக்கும், இவ ஒண்டியாத்தான் சமாளிப்பா. காலைல போ. போறப்போ தலையைத் தொங்கப்போட்டுக்கினு போவுதுங்க. திரும்பி எறங்கறப்போ பாக்கணுமே, ஒவ்வொண்ணும் மகாலட்சுமி மாதிரி எறங்குது."

கீதா அப்படியே நின்றாள். அந்தத் தெருப் பக்கமே அவர் வந்ததில்லை என்றுதான் இத்தனை வருஷமும் நினைத்துக்கொண்டிருந்தாள். சந்தோஷம்தான், வேறென்ன. அத்தனை பேர் நடுவிலும் வெட்கமில்லாமல் அழுதாள்.

"கம்பெனி கம்பெனின்னு சொல்லிக்கினு இருந்தியே, கடையைப் பத்தி உனக்கு எப்படிடா இவ்ளோ தெரியும்?" என்று கேட்டார் ஸ்ரீரங்கன்.

"எதிர்த்தாப்ல டீக்கடை கீது" என்றார் தட்சிணாமூர்த்தி. "அங்க டீ நல்லா இருக்கும்."

அவர் டீ குடித்துக் கீதா பார்த்ததே இல்லை. பிறந்ததிலிருந்து காபிதான்.